தீத்தொண்டு நாள்

தீத்தொண்டு நாள் என்பது இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று, பணியின்போது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களை நினைவுகூரும் பொருட்டுக் கடைப்பிடிக்கப்படும் நாளாகும். தமிழ்நாட்டில் இது நீத்தார் நினைவு நாள் என்றும் அழைக்கப்படுகிறது. அந்நாளில் தொடங்கும் வாரம் தீத்தொண்டு வாரம் எனப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டிகின் என்னும் சரக்குக் கப்பல் வெடித்ததில் பம்பாய்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்த 66 பேர் உயிரிழந்தனர். இந்நாள் அவர்களின் நினைவாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரை முதல் நாளாக அமைகிறது. அம்பேத்கரின் பிறந்த நாளும் அதுவே. எனவே பொது விடுமுறையும் கோயில் கூட்டமும் மாலையணிவிப்பு நிகழ்வுகளும் நிறைந்த ஒரு நாளில், தீயணைப்பு நிலையங்களின் முற்றத்தில் மட்டும் காலையில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. பொதுமக்களில் பலர் இந்நாளை அறியாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பின்னணி: போர்ட் ஸ்டிகின் கப்பல்

போர்ட் ஸ்டிகின் 1942 இல் கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணத்தில் கட்டப்பட்ட, ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய சரக்குக் கப்பலாகும். இரண்டாம் உலகப் போரின்போது 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பெர்க்கன்கெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, சிப்ரால்ட்டர், போர்ட் சைது, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று பம்பாயை அடைந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருட்களும் போர்த்தளவாடங்களும் இருந்தன. பிரித்தெடுக்கப்பட்ட போர் விமானங்களும் 31 பெட்டிகளில் 124 தங்கக் கட்டிகளும் கூட இருந்தன. கராச்சியில் இறக்கப்பட்ட சரக்கின் இடத்தில் பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு ஆகியன ஏற்றப்பட்டன.

பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் செல்வது அமைதிக் காலத்தில் அனுமதிக்கப்பட்டிருக்காது. போர்க்காலத்தில் கப்பல்களுக்கு இருந்த தட்டுப்பாட்டால் இது நிகழ்ந்தது. அபாயகரமான சரக்கைச் சுமக்கும் கப்பல்கள் ஏற்ற வேண்டிய சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. விக்டோரியா கப்பல்துறையின் முதலாம் தளத்தில் நிறுத்தப்பட்ட அக்கப்பலைச் சுற்றிலும் வேறு பல கப்பல்கள் நின்றிருந்தன. துறைமுகத்தை ஒட்டிக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் இருந்தன.

1944 ஏப்ரல் 14

அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை வருவது கண்டறியப்பட்டது. அவ்வறையின் அடித்தளத்தில் பஞ்சுப் பொதிகளும் அதற்கு மேற்தளத்தில் வெடிபொருட்களும் அடுக்கப்பட்டிருந்தன. கப்பல் பணியாளரும் துறைமுகத்தில் இருந்த தீயணைப்புக் குழுவினரும் முதலில் தண்ணீர் பாய்ச்சினர். பின்னர் பம்பாய்த் தீயணைப்புப் படையின் வண்டிகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. படையின் தலைவரான நார்மன் கூம்பு என்பவரும் நேரில் வந்து பணியை நடத்தினார்.

அழுத்திக் கட்டப்பட்ட பஞ்சுப் பொதி தீப்பிடித்தால் அதனை அணைப்பது மிகக் கடினம். மேற்புறம் நனைந்துவிட்டாலும் தண்ணீர் உட்புறத்தை எட்டாது. உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேலும் பஞ்சுப் பொதி நீரில் மிதக்கும் இயல்புடையது. சரக்கறையில் நீர் நிறைய நிறைய, எரியும் பொதிகள் மேலே இருந்த வெடிமருந்தை நோக்கி உயரும் அபாயம் இருந்தது. ஏறத்தாழ 900 டன் நீர் பாய்ச்சப்பட்டும் தீ அடங்கவில்லை. சரக்கறையில் தேங்கிய நீர் கொதித்தது. கப்பலின் இரும்புச் சுவரில் பூசியிருந்த வண்ணம் கொப்புளித்து உரிந்தது. தீயின் மையத்தை அடைவதற்காகக் கப்பலின் பக்கவாட்டுத் தகட்டை வெட்டித் துளையிட மேற்கொண்ட முயற்சியும் பயனளிக்கவில்லை.

கப்பலைத் துறையிலிருந்து வெளியே இழுத்துச் செல்வதா, இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து தண்ணீர் பாய்ச்சுவதா என்னும் கேள்விக்கு உரிய நேரத்தில் ஒரு முடிவு எட்டப்படவில்லை. கப்பல் தலைவர், துறைமுக அலுவலர், படைத்துறையின் வெடிபொருள் வல்லுநர், தீயணைப்புப் படைத் தலைவர் ஆகிய அனைவரும் அங்கே இருந்தனர். ஆனால் அனைவருக்கும் மேலாக ஆணையிடும் அதிகாரம் பெற்றவர் எவரும் இல்லை. பின்னாளில் இந்நிகழ்வை ஆராய்ந்தவர்கள் பெரிதும் சுட்டிக்காட்டும் குறை இதுவே. தீயணைப்புப் படையினருக்குத் தெரிந்த வழி தண்ணீர் பாய்ச்சுவது. அதனை அவர்கள் இறுதிவரை செய்தனர்.

3.50 மணியளவில் கப்பலை விட்டு வெளியேறுமாறு ஆணையிடப்பட்டது. மேல்தளத்தில் நின்றிருந்தவர்கள் கரையில் குதித்தனர். 4.06 மணிக்கு முதல் வெடிப்பு நிகழ்ந்து கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கி.மீ. தொலைவு வரை சாளரக் கண்ணாடிகள் நொறுங்கின. அருகில் நின்ற, ஏறத்தாழ 4,000 டன் எடையுள்ள சலபத்மா என்னும் கப்பல் தூக்கியெறியப்பட்டு அதன் பின்பகுதி கரைமீது கிடந்தது. அரை மணி நேரத்திற்குள் இதைவிட வலிமையான இரண்டாம் வெடிப்பு நிகழ்ந்தது. எரியும் பஞ்சும் எண்ணெயும் நகரின்மீது மழைபோல் விழுந்து, குடியிருப்புகளும் கிடங்குகளும் தீப்பற்றின. வெடிப்பின் அதிர்வு ஏறத்தாழ 1,700 கி.மீ. தொலைவிலுள்ள சிம்லாவிலும் நிலநடுக்கப் பதிகருவியில் பதிவானதாகக் கூறப்படுகிறது.

கப்பலுக்கு அருகே குழாய்முனையைப் பிடித்து நின்றிருந்த தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் முதல் வெடிப்பிலேயே மாண்டனர். அவர்களின் வண்டிகளும் அழிந்தன. நார்மன் கூம்பு வெடிப்பின் அழுத்தத்தால் தூக்கியெறியப்பட்டு, உடுத்தியிருந்த உடை முழுதும் கிழித்தெறியப்பட்ட நிலையில் உயிர்தப்பினார். படையில் 66 பேர் இறந்தனர். 83 பேர் காயமடைந்தனர். நகரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் தீ எரிந்துகொண்டிருந்தபோது அதனை எதிர்கொள்ள வேண்டிய படை தன் வீரர்களையும் கருவிகளையும் இழந்து நின்றது. எஞ்சியோரும் படைத்துறையினரும் தன்னார்வலரும் சேர்ந்து தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின.

உயிரிழந்தோரின் மொத்த எண்ணிக்கை குறித்து ஒத்த கருத்தில்லை. 800 முதல் 1,300 வரை என்று மதிப்பிடப்படுகிறது. துறைமுகத்திலும் குடியிருப்புகளிலும் இருந்த கூலித் தொழிலாளரைப் பற்றிய பதிவுகள் முழுமையாக இல்லாததே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். பதினொன்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன. 50,000 டன்னுக்கு மேற்பட்ட தானியம் அழிந்தது. முந்தைய ஆண்டில் வங்காளப் பஞ்சம் நாட்டை உலுக்கியிருந்த நிலையில் இவ்விழப்பு சிறியதன்று. இடிபாடுகளை அகற்றிக் கப்பல்துறையை மீண்டும் இயங்கச் செய்ய ஏறத்தாழ 8,000 பேர் ஏழு மாதங்கள் உழைத்தனர்.

மறைக்கப்பட்ட செய்தி

போர்க்காலத் தணிக்கையின் காரணமாக இந்நிகழ்வு பற்றிய விவரங்களை வெளியிட இந்திய இதழ்கள் பல வாரங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. சப்பானியர் கட்டுப்பாட்டில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே செய்தியை ஒலிபரப்பிவிட்டது. ஆங்கிலேய அரசு மே மாதத்தில்தான் விவரங்களை வெளியிட அனுமதித்தது. 66 குடும்பங்களின் இழப்பு அவர்தம் நாட்டு இதழ்களில் உரிய நேரத்தில் எழுதப்படாமலே போயிற்று.

விசாரணைக் குழு, எதிரியின் நாசவேலைக்குச் சான்று இல்லை என்றும், யாரோ ஒருவர் கவனமின்றி வீசிய புகைத்துண்டால் பஞ்சில் தீப்பற்றியிருக்கலாம் என்றும் கருதியது. கப்பலிலிருந்து சிதறிய தங்கக் கட்டிகளில் ஒன்று ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்து விழுந்தது. துறைமுகத்தைத் தூர்வாரும்போது பல்லாண்டுகளுக்குப் பின்னரும் தங்கக் கட்டிகள் கிடைத்துள்ளன. இந்நிகழ்வைப் பற்றிய வெகுசன எழுத்துகளில் தங்கத்தைப் பற்றிய பகுதியே நீளமாக இருப்பதைக் காணலாம்.

நினைவுகூரல்

மும்பையின் பைக்குல்லாவில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் 1944 இல் இறந்தோருக்கான நினைவுச் சின்னம் உள்ளது. இந்திய அரசின் அறிவுறுத்தலின்படி நாட்டின் பிற மாநிலங்களிலும் ஏப்ரல் 14 இல் தொடங்கித் தீத்தொண்டு வாரம் நடத்தப்படுகிறது. அந்தந்த மாநிலத்தில் பின்னாளில் பணியில் இறந்தவர்களும் அந்நாளில் சேர்த்து நினைவுகூரப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில் முதல் நாள் காலையில் நிலையத்தின் பணியாளர் அனைவரும் சீருடையில் அணிவகுத்து நிற்க, நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்து அமைதி காக்கப்படுகிறது. தூண் இல்லாத சிறிய நிலையங்களில் தற்காலிகமாக ஒன்று அமைக்கப்படும். அடுத்து வரும் நாட்களில் பள்ளிகள், மருத்துவமனைகள், ஆலைகள், சந்தைகள் ஆகிய இடங்களில் செயல்முறை விளக்கங்கள் நடைபெறுகின்றன. எரிவாயு உருளையில் பற்றிய தீயை ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவதும், மாடியிலிருந்து ஒருவரைக் கயிற்றால் இறக்கிக் காட்டுவதும் பொதுவாக இடம்பெறுவன.

உலக அளவில் மே 4 பன்னாட்டுத் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1998 டிசம்பர் 2 அன்று ஆசுத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லிண்டன் என்னுமிடத்தில் காட்டுத்தீயில் ஐந்து தன்னார்வத் தீயணைப்போர் இறந்ததைத் தொடர்ந்து அது உருவாயிற்று. இந்தியாவில் ஏப்ரல் 14 க்கு இருக்கும் இடம் அதற்கு இல்லை.

தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறை

சென்னையில் தீயணைப்புப் படை 1908 இல் தொடங்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குள்ளாகவே, 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தீயணைப்பு அமைப்பு விரிவுபடுத்தப்பட்டது. காவல்துறையின் ஒரு பகுதியாக இருந்த இப்பணி 1969 இல் தனித் துறையாக்கப்பட்டது. 1985 இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது. துறையின் பெயர் பின்னர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என மாற்றப்பட்டது. பெயரில் மீட்பு என்னும் சொல் சேர்ந்தது பொருத்தமானதே. ஒரு சராசரி நிலையத்திற்கு வரும் அழைப்புகளில் கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, ஆற்றில் மூழ்கியவர், சாலையில் சாய்ந்த மரம் ஆகியவை தீக்கு இணையாக இடம்பெறுகின்றன.

1975 சூலையில் சென்னை அண்ணா சாலையில் உள்ள ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 14 மாடிக் கட்டடத்திலும், 1985 மே மாதத்தில் மூர் சந்தையிலும் ஏற்பட்ட தீ விபத்துகள் துறையின் வரலாற்றில் முக்கியமானவை. முன்னது, உயரமான கட்டடங்களுக்குக் கையிலிருந்த ஏணிகள் போதாமையை வெளிப்படுத்தியது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பின்னரே பள்ளிகளின் கூரை, வாயில், மாடிப்படி ஆகியவற்றைத் தீயணைப்புத் துறையினர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் நடைமுறை மாநிலம் முழுதும் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. தீத்தொண்டு வாரத்தில் பள்ளிகளுக்கு முதலிடம் தரப்படுவதற்கும் இந்நிகழ்வு ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டில் பணியில் இறந்தோர்

தீயணைப்புப் பணியில் நிகழும் இறப்புகளில் தீக்காயத்தால் ஏற்படுவன மட்டும் இல்லை. சுவர் இடிதல், கூரை சரிதல், உருளை வெடித்தல், புகையில் மூச்சடைத்தல் ஆகியனவும் உயிரைப் பறிக்கின்றன. அண்மைக் காலத்துச் சில நிகழ்வுகள் இதனைக் காட்டும்.

2012 சனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் உள்ள பழைமையான கலசு மகால் கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே சென்ற குழுவின்மீது கூரை சரிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அக்குழுவை வழிநடத்திய பிரியா இரவிச்சந்திரன் கடும் தீக்காயமடைந்தார். அவர் மீனாட்சி விசயகுமாருடன் 2003 இல் துறையில் அலுவலராகச் சேர்ந்தவர். நாட்டின் தொடக்ககாலப் பெண் தீயணைப்பு அலுவலர்களில் இவ்விருவரும் அடங்குவர். பிரியா சிகிச்சைக்குப் பின் மீண்டும் பணிக்குத் திரும்பினார். வீரச்செயலுக்கான பதக்கமும் பெற்றார்.

2017 சூலையில் சென்னை கொடுங்கையூரில் அடுமனை ஒன்றில் இரவில் பற்றிய தீயை அணைக்கும்போது நிகழ்ந்த வெடிப்பில் ஒரு வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தோர் உட்படப் பலர் காயமடைந்தனர். தீ விபத்து நிகழும் இடத்தில் கூட்டம் கூடுவதைத் துறையினர் ஒவ்வோர் ஆண்டும் தீத்தொண்டு வாரத்தில் எச்சரிக்கின்றனர். பம்பாயிலும் எரியும் கப்பலைக் காணக் கரையில் மக்கள் கூடியிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2020 நவம்பர் 14 அன்று தீபாவளி நாளின் அதிகாலையில் மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் உள்ள துணிக்கடையில் தீ பரவியது. பழைய கட்டடத்தின் சுவர் இடிந்து விழுந்ததில் இரு வீரர்கள் மாண்டனர். மேலும் இருவர் காயமடைந்தனர். நாடே விடுமுறையில் இருக்கும் தீபாவளி, தீயணைப்பு நிலையங்களுக்கு ஆண்டின் மிகக் கடுமையான வேலை நாளாகும். அன்று எவருக்கும் விடுப்பு தரப்படுவதில்லை.

தாமிரபரணிப் பகுதியில்

திருநெல்வேலி மாவட்டத்தின் ஆற்றுப்பாசனப் பகுதியில் தீத்தொண்டு வாரம் வரும் பருவம் கவனிக்கத்தக்கது. தாமிரபரணிக் கால்வாய்களின் நீரால் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும் ஊர்கள் இவை. பிசான அறுவடை முடிந்து, வைக்கோல் படப்புகள் வீட்டுப் புறக்கடைகளிலும் களங்களிலும் உயர்ந்து நிற்கும் காலத்தில் கோடை தொடங்குகிறது. ஒரு படப்பில் பற்றிய தீ காற்றின் போக்கில் அடுத்த படப்புக்கும் தொழுவத்துக்கும் தாவும். வைக்கோலும் பஞ்சுப் பொதியைப் போன்றே உள்ளே கனலும் தன்மையுடையது. மேற்புறம் அணைந்தபின் படப்பைப் பிரித்துப் போட்டு நனைக்காமல் வண்டி திரும்பினால் சில மணி நேரத்தில் மீண்டும் பற்றிக்கொள்ளும். எனவே ஒரு படப்புத் தீக்குப் பல மணி நேர உழைப்பு தேவைப்படுகிறது.

கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை போன்ற ஊர்களில் நெசவுக்காக உலர்த்திச் சேமித்த கோரை வீட்டுக்குள்ளேயே இருக்கும். நெல்லை வட்டாரத்தில் துறையினரின் மற்றொரு பெரும் பணி ஆற்றைச் சார்ந்தது. குளிக்கும் துறைகளிலும் தடுப்பணைகளின் கீழும் மூழ்கியோரைத் தேடி மீட்கும் பணியும், பெரும்பாலும் உடலை மட்டுமே மீட்க நேரும் பணியும் அதில் அடங்கும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாகித் தாமிரபரணி கரைபுரண்டது. அப்போது நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளில் சிக்கியோரைப் படகுகளில் மீட்டவர்களில் தீயணைப்புத் துறையினரும் இருந்தனர்.

பதக்கங்களும் ஓய்வும்

ஆங்கிலேயர் காலத்தில் காவலர்க்கும் தீயணைப்போர்க்கும் மன்னர் பெயரில் வழங்கப்பட்ட பதக்கத்திற்கு மாற்றாக, 1951 இல் குடியரசுத் தலைவரின் காவல் மற்றும் தீயணைப்புப் பணிப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. பின்னர் தீயணைப்புப் பணிக்கெனத் தனிப் பதக்கங்கள் உருவாயின. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் வீரச்செயலுக்காகவும் நீண்டகாலச் சிறப்புப் பணிக்காகவும் இவை அறிவிக்கப்பட்டு வந்தன. இரண்டாம் வகைப் பதக்கத்தைப் பெறுவோர் பெரும்பாலும் ஓய்வை நெருங்கும் நிலைய அலுவலர்களும் முன்னணித் தீயணைப்போரும் ஆவர்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 இல் 58 இலிருந்து 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. குழாயைத் தோளில் சுமந்து ஏணியில் ஏறுவோருக்கும் இது பொருந்துகிறது. அலுவலகப் பணிக்கு ஏற்ற இவ்வயது வரம்பு இப்பணிக்கும் ஏற்றதா என்பது ஆராயத்தக்கது.

தீயணைப்பு அலுவலர்களுக்கான தேசியக் கல்லூரி 1956 இல் உத்தரப் பிரதேசத்தின் இராம்பூரில் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு நாகபுரிக்கு மாற்றப்பட்டது. விபத்து நடந்த இடத்தில் யார் ஆணையிடுவது, குழுவை எப்போது வெளியேற்றுவது என்பன தீயணைப்பு அலுவலர் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களாகும். தமிழ்நாட்டில் தீ மற்றும் மீட்பு உதவிக்கான தொலைபேசி எண் 101 ஆகும். அனைத்து அவசர உதவிக்குமான பொது எண் 112 வழியாகவும் நிலையங்களைத் தொடர்புகொள்ளலாம்.